பொறாமைக்காரன் சொன்னாலும் வால்வைத் திறந்து பாருங்கள்

செம்பூரில் நம் கார் ஏ.சி. கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி முதலாளியின் மகன் கேட்டார். இப்போது அவர்தான் முதலாளி. இருந்தாலும் என் வாயில் இன்னும் 'முதலாளி மகன்' என்றுதான் வருகிறது. உங்களில் சிலருக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும், படிக்க வராது என்று கேள்விப்பட்டேன். தெரிந்தவர்கள் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

காஸ் எவ்வளவு ஏற்றுவது, கேஜில் முள் எங்கே நிற்க வேண்டும் என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது உங்கள் போனிலேயே கிடைக்கிறது. நான் எழுத நினைப்பது பொறாமையைப் பற்றி. ஒரே பானெட்டுக்குள் இரண்டு பேர் தலையை விட்டு வேலை பார்க்கிற தொழில் இது. பக்கத்துத் தலை உங்கள் தலையைவிடக் கெட்டிக்காரத் தலையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லித் தருவதில்லை.

செல்வின் கடைக்கு வந்தபோது நான் அங்கே பழைய ஆள். கார் ஏ.சி. என்றால் முத்து என்று மும்பை முழுக்க இல்லாவிட்டாலும் செம்பூரில் கொஞ்சம் பேருக்காவது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு நாசரேத் பக்கம் சொந்த ஊர். என்னைவிட எட்டுப் பத்து வயது சின்னவன். சேர்ந்த அதே வாரத்தில் ஒரு டாக்டரின் கார் வந்தது. காலையில் நன்றாகக் குளிர்கிறது, சயான் சிக்னலில் கொஞ்ச நேரம் நின்றால் வெறும் காற்றுதான் வருகிறது என்பது புகார். நான் காஸ் பார்த்தேன், ஃபேன் பார்த்தேன், வயர் பார்த்தேன். கடையில் நிற்கும்போது எல்லாம் ஒழுங்காக இருந்தது. அரை நாள் போய்விட்டது.

செல்வின் வேறு ஒரு வண்டியில் இருந்தான். கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "அண்ணே, ஏ.சி. பட்டனை ரெண்டு மூணு தடவ போட்டு அணைங்க" என்றான். போட்டேன்.

"கிளச் சத்தம் லேட்டா விழுது. பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல இடைவெளி கூடிட்டு. எஞ்சின் சூடாச்சுன்னா காந்தத்தால இழுக்க முடியல" என்றான்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். எஞ்சின் ஓடும்போதெல்லாம் பெல்ட் புல்லியைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கம்ப்ரெசரின் உள்பாகம் சும்மா இருக்கும். பட்டனைப் போட்டால்தான் காந்தம் முன்னால் இருக்கிற பிளேட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைத்து உள்பாகத்தையும் சேர்த்துச் சுற்றவைக்கும். அந்த 'டக்' சத்தத்தை நான் எத்தனையோ ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அது லேட்டாக விழுகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. அவன் பிளேட்டைக் கழற்றினான், இடைவெளி குறையட்டும் என்று உள்ளே இருந்த மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்தான், திரும்ப மாட்டினான். அவ்வளவுதான். டாக்டர் அவனிடம் பெயரைக் கேட்டு போனில் பதிந்துகொண்டார். அந்த டாக்டர் பல வருஷமாக என்னிடம் வருகிறவர். என் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது. அதன் பிறகு கடை வாசலில் வண்டியை நிறுத்துகிறவர்கள் "செல்வின் பாய் இருக்காரா?" என்றுதான் இறங்குவார்கள். நான் எழுந்து போய் என்ன பிரச்சினை என்று கேட்டால், "பரவாயில்ல, அவர் வரட்டும்" என்பார்கள். வேலை செய்யும்போது அவனுக்குப் பாடுகிற பழக்கம் உண்டு. சர்ச்சில் பாடுகிறவன், நன்றாகவே பாடுவான். அதையாவது கொஞ்சம் மோசமாகச் செய்திருக்கலாம். கிறிஸ்துமஸுக்குத் தாராவியில் எங்கள் வீட்டுக்குக் கேக் கொண்டு வந்தான். அவன் போன பிறகு என் மனைவி, "அந்தத் தம்பி நகத்தைப் பாத்தியளா, எவ்வளவு சுத்தமா வச்சிருக்கு. மெக்கானிக்குனே சொல்ல முடியாது" என்றாள். நான் என் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கேக்கும் நன்றாகத்தான் இருந்தது.

பொறாமைக்காரனுக்குக் கண் ஓயாது. செல்வின் எந்த ஸ்பேனரை எடுக்கிறான், ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவுகிறானா, குழாய் மூடியை எப்போது திறக்கிறான், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தப்பாவது கிடைக்காதா என்றுதான். கிடைக்கவில்லை. ஆனால் என் வேலையைவிட அவன் வேலை எனக்கு நன்றாகத் தெரிந்துபோனது.

இப்போது சந்தோஷின் ஆம்புலன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

சந்தோஷ் மராத்திக்காரர். சொந்தமாக ஒரு ஆம்புலன்ஸ் வைத்து அவரே ஓட்டினார். ஓட்டுநர் இருக்கைப் பக்கமும் பின்னால் நோயாளி படுக்கிற பக்கமும் குளிர்வதற்கு அந்த வண்டியில் ஒரே கம்ப்ரெசர்தான். ஏப்ரலில் அது உள்ளுக்குள் தேய்ந்து இறுகிவிட்டது. செல்வின் புதுசு மாட்டினான். மாட்டுவதற்கு முன்னால் குழாய்களையெல்லாம் மருந்து விட்டுக் கழுவி, நைட்ரஜன் விட்டு ஊதினான். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஒழுங்காகத்தான் செய்தான். கண்டென்சரை மட்டும் மாற்றவில்லை. அதையும் கழுவி ஊதினான். வண்டி ஐஸ் போலக் குளிர்ந்தது.

மே மாதம் ஒரு காலையில் அதே வண்டி திரும்பி வந்தது. புது கம்ப்ரெசரும் இறுகிவிட்டது.

சந்தோஷ் பதற்றமாக இருந்தார். செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பிறந்து சில நாளே ஆன குழந்தை. இதயத்தில் கோளாறு. புனேயில் ஆபரேஷன், மத்தியானம் கிளம்ப வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகிற குழந்தை, மே மாத வெயில், ஏ.சி. இல்லாமல் ஆஸ்பத்திரியில் அனுப்பமாட்டார்கள்.

"செல்வின் பாய், ஏக் கண்டே மே ஹோ ஜாயேகா க்யா?" என்று கேட்டார். ஒரு மணி நேரத்தில் முடியுமா என்று.

செல்வின் கம்ப்ரெசரைக் கழற்றிக் கையால் சுற்றிப் பார்த்தான். அசையவில்லை. "பீஸே சரியில்ல. போன வாரம்கூட இந்த சப்ளையர்கிட்டேர்ந்து வந்த ரெண்டு கம்ப்ரெசர் மோசமா இருந்துச்சு. நம்மகிட்ட வேற கம்பெனி பீஸ் ஒண்ணு இருக்கு. மாட்டி அனுப்பிருதேன்" என்றான். முதலாளியும் சரி என்றார். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த சப்ளையரின் சரக்கு அப்போது உண்மையிலேயே மோசமாகத்தான் வந்துகொண்டிருந்தது.

எனக்கு வேறு மாதிரி தோன்றியது. ஏன் என்று சொல்கிறேன்.

கம்ப்ரெசர் குளிரை உண்டாக்குவதில்லை. வண்டிக்குள்ளிருந்து சூட்டை ஏந்திக்கொண்டு வருகிற காஸை அது வாங்கி, பிஸ்டனால் நெருக்கி, இன்னும் சூடாக்கி முன்னால் இருக்கிற கண்டென்சருக்குத் தள்ளுகிறது. அங்கே வெளிக்காற்று பட்டுச் சூடு போய், காஸ் திரவமாகிறது. பிறகு ஊசிமுனை அளவு வழியுள்ள எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாகப் பாய்ந்து கூலிங் காயிலில் விரியும்போதுதான் குளிர். இந்தச் சுற்று முழுக்க மூடியது. பிஸ்டனுக்கு வேண்டிய எண்ணெய்கூடக் காஸோடு கலந்துதான் சுற்றி வரும். அதனால் ஒரு கம்ப்ரெசர் உள்ளே அரைபட்டால், அந்த உலோகத் தூளும் எல்லா இடத்துக்கும் போகும். இந்தக் காலத்துக் கண்டென்சரின் உள்வழி முடி அளவுதான். என்ன மருந்து விட்டாலும் அங்கே ஒட்டிய தூள் முழுக்க வராது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்து புது கம்ப்ரெசரையும் அரைக்கும்.

அப்படித்தான் நடந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. அப்படியானால் மூன்றாவது கம்ப்ரெசரும் போகும். எந்த இடத்தில் வைத்துப் போகும் என்பதுதான் பயம். அந்த வண்டியில் எல்லாவற்றுக்கும் ஒரே பெல்ட். ஓடிக்கொண்டிருக்கும்போது கம்ப்ரெசர் இறுகினால் பெல்ட் கருகி அறுந்துவிடும். அறுந்தால் எஞ்சினுக்குத் தண்ணீர் ஓடாது, பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. புனே போகிற வழியில் லோனாவ்லா ஏற்றத்தில், பின்னால் அந்தப் பெட்டியும் ஆக்சிஜன் மெஷினும் கரண்டில் ஓடும்போது, வண்டி நின்றுவிடும்.

இது இறுகுமா, புனே போய்ச் சேர்கிற வரை தாங்குமா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. தாங்கியும் போயிருக்கலாம்.

நான் கருவிகள் வைக்கிற மேசைப் பக்கம் போய் நின்றேன். வாயைத் திறந்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். கடையில் எல்லோருக்கும் என் பொறாமை தெரியும். மறைக்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். செல்வின் கை பட்ட வண்டி இன்னொரு தடவையும் திரும்பி வரும். அந்த நினைப்பு கொஞ்சம் இனிக்கவும் செய்தது. அதைவிட மோசம், எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. தூள் இருக்கிறது என்று நான் நினைப்பது தூள் இருப்பதாலா, அவன் தோற்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவதாலா?

அப்போது ஒன்று செய்தேன். இதே வேலையை எனக்குப் பிடித்த ஒருவன் செய்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். வண்டி உள்ளே நுழைந்ததுமே, 'லே, கண்டென்சரைப் பாரு' என்று கத்தியிருப்பேன். அப்படியென்றால் பொறாமை என்னைப் பேசத் தூண்டவில்லை, இவ்வளவு நேரம் என் வாயைப் பொத்தி வைத்திருக்கிறது. அது புரிந்ததும் பானெட் பக்கம் போனேன்.

"செல்வின், மாட்டுறதுக்கு முன்னால வால்வைக் கழத்திப் பாரு" என்றேன்.

அவன் நிமிரவில்லை. "போன தடவையே கழுவியாச்சுண்ணே. நீங்க பாத்துட்டுத்தான நின்னிய."

"கண்டென்சர்ல தூள் நின்னிருக்கும். நின்னிருந்தா வால்வு வாயில வந்து ஒட்டியிருக்கும்."

முதலாளி என் தோளைத் தொட்டுச் சற்றுத் தள்ளிக் கூட்டிப் போனார். குரலைத் தணித்துத்தான் பேசினார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "ஏ முத்து, ஒரு கைப்பிள்ளையோட உயிரு. இந்த நேரத்துலயா ஒன் பொறாமையைக் காட்டணும்?"

எனக்கு முகம் சுட்டது. இல்லவே இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லியிருந்தால் பேச்சு அதைப் பற்றியே சுற்றிக்கொண்டிருந்திருக்கும்.

"பொறாமைதான் முதலாளி" என்றேன். "அவன் வந்த நாள்லேர்ந்து எனக்குப் பொறாமைதான். நான் அதை இல்லேங்கல. எனக்குப் பொறாமை இருக்கது வேற, வால்வுல தூள் இருக்கது வேற. காஸ் ஏற்கனவே இறக்கியாச்சு. வால்வைக் கழத்த கால் மணி நேரம் போதும். தூள் இல்லேன்னா, சந்தோஷ் முன்னாடியே நான் சொன்னது தப்புன்னு சொல்லிட்டு ஒதுங்கிக்கிடுதேன்."

சந்தோஷுக்குத் தமிழ் புரியாது. எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

செல்வின் மாட்ட இருந்த கம்ப்ரெசரை ஓரமாக வைத்தான். பிறகு ஸ்பேனரை எடுத்தான். நான் உதவிக்குப் போகவில்லை. நான் கழற்றி எடுத்துக் காட்டினால் அது வேறு மாதிரி ஆகிவிடும். அவனே கழற்றினான். வால்வின் வாயில் விரலை விட்டு எடுத்து வெள்ளைத் துணியில் துடைத்தான். சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு கோடு விழுந்தது. வெளிச்சத்தில் திருப்பினால் மின்னியது.

அவன் அந்தத் துணியை முதலாளியிடம் காட்டினான். நேராகச் சந்தோஷிடம் போனான்.

"சந்தோஷ் பாய், காடி ஆஜ் நஹி ஜாயேகி" என்றான். வண்டி இன்றைக்குப் போகாது.

சந்தோஷ் வெடித்தார். ஆஸ்பத்திரியில் இனிமேல் தன்னைக் கூப்பிடமாட்டார்கள் என்றார், இரண்டு கெட்ட வார்த்தையும் சொன்னார். செல்வின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். "நான் போன தடவ கண்டென்சரை மாத்தியிருக்கணும். கழுவினா போதும்னு நினைச்சேன். இப்ப மாட்டி அனுப்பினா நீங்க போய்ச் சேரலாம், சேராமலும் போகலாம். குழந்தை உள்ள இருக்கும்போது அப்படி அனுப்ப மாட்டேன்" என்று இந்தியில் சொன்னான். தனக்குத் தெரிந்த இன்னொரு ஆம்புலன்ஸ்காரருக்கு அவனே போன் போட்டான். அவர் தயாராக இருந்தார். குழந்தை அந்த வண்டியில் போனது. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்ததாகப் பிறகு சந்தோஷே வந்து சொன்னார்.

குர்லாவிலிருந்து புதுக் கண்டென்சர் வந்து, வேலை முடிய மறுநாள் ஆனது. பழைய கண்டென்சரைச் செல்வின் ரம்பத்தால் அறுத்துப் பார்த்தான். கீழ்ப்பக்க வழிகளில் பாதிக்கு மேல் சாம்பல் அடைத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்து, "நீங்க சொன்னது சரிதாண்ணே" என்றான்.

நான் ஜெயித்துவிட்டேன் என்றும் என் பொறாமை அன்றோடு தீர்ந்தது என்றும் நீங்கள் நினைக்கக்கூடாது. நடந்ததைக் கேளுங்கள். சந்தோஷ் ஊர் முழுக்க என்ன சொன்னார் தெரியுமா? தன் தப்பைத் தானே முகத்துக்கு நேராகச் சொல்கிற மெக்கானிக் மும்பையில் ஒரே ஒருவன்தான், அவன் செல்வின் என்றார். அதைக் கேட்டு இன்னும் நாலு ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தார்கள். எல்லோரும் செல்வினைக் கேட்டுத்தான் வந்தார்கள். அவன் ஒவ்வொருவரிடமும், "கண்டுபிடிச்சது முத்து அண்ணன்தான்" என்று மறக்காமல் சொல்லுவான். கேட்டவர்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், எவ்வளவு பெருந்தன்மை என்று அவனையே மெச்சுவார்கள். அவன் எனக்குக் கொடுத்த பெயரும் வட்டியோடு அவனிடமே போய்ச் சேர்ந்தது.

ஆனால் ஒன்று மாறியது. அதன் பிறகு பெரிய வேலை எது முடித்தாலும் பானெட்டை மூடுவதற்கு முன்னால், "அண்ணே, வந்து குறை சொல்லிட்டுப் போங்க" என்று கூப்பிடுவான். நானும் போய்ப் பார்ப்பேன். அவன் வேலையை என்னைப் போல் உற்றுப் பார்க்க வேறு ஆள் கிடையாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. சில சமயம் ஒரு கிளாம்ப் சரியாக உட்காராமல் இருக்கும், சொல்லுவேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லாத நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்காது.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உங்களில் ஒருவனுக்கு இன்னொருவன் மேல் பொறாமை வரும். வராது என்று நடிக்காதீர்கள். நடித்தால் சொல்ல வேண்டிய நேரத்தில் வாய் வராது. பொறாமை இருந்தால் இருக்கட்டும், ஆனால் வாயால் வாதாடாதீர்கள். எல்லோரும் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒன்றைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அதேபோல, உங்களைக் கண்டாலே ஆகாத ஒருவன் உங்கள் வேலையில் குறை சொன்னால், அவன் ஏன் சொல்கிறான் என்று பிறகு யோசிக்கலாம். முதலில் திறந்து பாருங்கள். செல்வின் அன்றைக்கு ஸ்பேனரை எடுத்தானே, அது எனக்கு வந்திருக்குமா என்று நான் பலமுறை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். அதிலும் அவன் என்னைவிட ஒரு படி மேல்தான் என்று தோன்றும்போது மறுபடி எரியும்.

அவன் பிறகு நவி மும்பைப் பக்கம் கோபர்கைரனேயில் சொந்தக் கடை போட்டான். மின்சார வண்டிகளில் கம்ப்ரெசருக்குப் பெல்ட்டும் கிடையாது, கிளச்சும் கிடையாது, தனி மோட்டாரே உள்ளே இருக்கிறது. தொட்டால் ஆளைக் கொல்கிற அளவு கரண்ட். அதையும் படித்துக்கொண்டான். நான் அது வருவதற்குள் வேலையை விட்டேன்.

போன மாதம் என் மகள் காரில் ஏ.சி. குளிரவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, செல்வின் மாமா கடைக்குப் போறேன், நீங்களும் வாறியளா?" என்று கேட்டாள்.

"ஏன், நான் பாக்கக்கூடாதா?"

"ஒங்களுக்கு இடுப்பு வலிக்கும்பா. பேசாம வாங்க" என்றாள்.

போனேன். பெரிய கடை. உட்கார நல்ல நாற்காலி போட்டிருந்தான். எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் இருந்ததால் நாங்களும் வரிசையில் காத்திருந்தோம். என்னைக் கண்டதும் செல்வின் உள்ளேயிருந்து எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். வேலையாட்களைக் கூப்பிட்டு, "இவங்க என் சீனியர்" என்று அறிமுகப்படுத்தினான். அவர்கள் என்னை மரியாதையாகப் பார்த்துவிட்டு, உடனே திரும்பி அவனை இன்னும் மரியாதையாகப் பார்த்தார்கள். டீ வாங்கித் தந்தான். வண்டியை அவனே பார்த்தான். கம்ப்ரெசரில் காஸ் அளவைக் கூட்டிக் குறைக்கிற சின்ன வால்வு ஒன்று போயிருந்தது. முழுக் கம்ப்ரெசரையும் மாற்றச் சொல்லி வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். அவன் அதை மட்டும் மாற்றினான்.

திரும்பும்போது வாஷி பாலத்தில் நல்ல வெயில். வண்டிக்குள் காற்று அப்படிக் குளிர்ந்து வந்தது.

"எப்படிப்பா இருக்கு?" என்றாள் மகள்.

"ரொம்பக் குளிருது" என்று சொல்லி ஏ.சி. குமிழைத் திருப்பிக் குறைத்தேன். எனக்கு அப்படியொன்றும் குளிரவில்லை. அளவாகத்தான் இருந்தது.